வட்டக்கச்சியில் இருந்துகொண்டு உளவியலாளர் உரிமப் பரீட்சைக்குப் படிப்பது

வட அமெரிக்காவில் உளவியலாளராகத் தொழில் செய்வதற்கான உரிமப் பரீட்சையை நான் இரண்டு தடவை எழுதினேன். முதல் தடவை கனடாவிலேயே இருந்து, மூன்று மாதம் விடுமுறை எடுத்து, வாங்கிய புத்தகங்களை மஞ்சள் பேனையால் கோடிட்டுக் கோடிட்டு வாசித்துவிட்டுப் போய்த் தோற்றேன். இரண்டாவது தடவைக்கான படிப்பின் பெரும்பகுதி, இடுப்பெலும்பு முறிந்த அம்மாவைப் பார்ப்பதற்காக வந்து தங்கிய ஏழு மாதங்களில், கிளிநொச்சியை அடுத்த வட்டக்கச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் நடந்தது. அந்தத் தடவை சித்தியடைந்தேன். வன்னியிலிருந்து போய் வெளிநாட்டில் உளவியல் மேற்படிப்பு முடித்த பிள்ளைகள், பெற்றோரைப் பார்க்கவோ ஒரு கலியாணத்துக்கோ ஊருக்கு வரும்போது பரீட்சைப் புத்தகங்களையும் பெட்டியில் கொண்டுவருவதை நான் கண்டிருக்கிறேன். வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ உளவளத்துணையாளராக வேலை செய்துவிட்டு, வட அமெரிக்காவில் குடியேறி, இதே பாதையில் காலை வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். இந்த இரு சாராரையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன். இலங்கையில் வேலை செய்வதற்கு இந்தப் பரீட்சை தேவையில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உளவியல் தொழில் நடைமுறைக்கான பரீட்சை என்பதன் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் ஈ.பி.பி.பி. (EPPP). மாநில, மாகாண உளவியல் சபைகளின் சங்கம் இதை நடத்துகிறது. முதற்பகுதி அறிவைச் சோதிப்பது: 225 பல்தேர்வு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், மொத்த நேரம் 4 மணி 15 நிமிடம். இந்த 225இல் 175 வினாக்களுக்கு மட்டுமே புள்ளி உண்டு. மீதி 50 வினாக்கள் பிற்காலப் பரீட்சைகளுக்காகப் பரிசோதிக்கப்படுபவை, அவை எவையென்று எழுதுபவருக்குத் தெரியாது. 200 முதல் 800 வரை செல்லும் அளவில் 500 எடுத்தால் சுயாதீனமாகத் தொழில் செய்யப் போதுமென்பது சங்கத்தின் பரிந்துரை. பிழையான விடைக்குப் புள்ளி கழிக்கமாட்டார்கள். 12 மாதங்களுக்குள் நான்கு தடவைக்கு மேல் எழுத முடியாது. கட்டணம் 600 அமெரிக்க டொலர். பரீட்சை நிலையத்துக்குக் கட்ட வேண்டியது வேறு. திறன்களைச் சோதிக்கும் இரண்டாம் பகுதியைச் சில இடங்கள் மாத்திரமே கேட்கின்றன, ஆகையால் நீங்கள் விண்ணப்பிக்கும் மாநில அல்லது மாகாணச் சபையிடம் எழுத்தில் கேட்டு, பதில் கையில் கிடைத்த பின்னரே பணம் கட்டுங்கள். சபை உங்கள் பட்டத்தையும் பயிற்சியையும் பார்த்து அனுமதித்தால்தான் பரீட்சைக்குப் பதியவே முடியும்.

எங்கள் ஊரில் படித்தவர்களுக்கு இங்கே ஒரு பழக்கம் குறுக்கே நிற்கும். சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் கடந்தகால வினாத்தாள்களைப் பத்து வருடத்துக்குப் பின்னோக்கிச் செய்து முடித்தவர்கள் நாங்கள். இந்தப் பரீட்சையில் கடந்தகால வினாத்தாள் என்று ஒன்று கடையில் கிடைக்காது. எழுதுபவர் ஒவ்வொருவரும் வினாக்களை வெளியே சொல்வதில்லை என ஒப்புக்கொண்ட பிறகே மண்டபத்துக்குள் அமர்கிறார். ஆகவே எழுதிவிட்டு வந்த அக்காவிடம் ‘என்ன வந்தது?’ என்று கேட்பதும், அவர் இரக்கப்பட்டுச் சொல்வதும், உரிமம் எடுக்கும் முன்னரே தொழில் ஒழுக்கத்தை மீறுவதாகும். சங்கமும் பயிற்சி நிறுவனங்களும் விற்கும் மாதிரி வினாக்களே போதுமானவை.

பாடப்பரப்பு எட்டுப் பிரிவுகளாக இருக்கிறது, அவற்றின் நிறை சமமன்று. மதிப்பீடும் நோயறிதலும் நூற்றுக்கு 16, ஒழுக்கமும் சட்டமும் தொழில்சார் விடயங்களும் 16, சிகிச்சையும் தலையீடும் தடுப்பும் மேற்பார்வையும் 15. இந்த மூன்றும் சேர்ந்து 47, அதாவது பரீட்சையின் பாதிக்குச் சற்றுக் குறைவு. அறிவாற்றலும் உணர்ச்சியும் 13, வாழ்நாள் வளர்ச்சி 12, சமூகமும் பண்பாடும் 11, உயிரியல் அடிப்படை 10, ஆய்வு முறையும் புள்ளிவிபரவியலும் 7. நான் முதல் தடவை செய்த பெரும் பிழை இங்கேதான் தொடங்கியது. புள்ளிவிபரவியலைக் கண்டு பயந்து, அதற்கு முழுதாக ஒரு மாதத்தைக் கொடுத்தேன். புள்ளிக்குரிய 175 வினாக்களில் அதற்குக் கிடைப்பது ஏறத்தாழ பன்னிரண்டு. அந்த மாதத்தைப் பறிகொடுத்தது ஒழுக்கப் பகுதி, நான் தோற்றதும் அதில்தான்.

படிக்கத் தொடங்கும் முன்னர், ஒன்றும் படிக்காத நிலையிலேயே ஒரு முழு மாதிரிப் பரீட்சையை எழுதுங்கள். புள்ளி மிகக் குறைவாக வரும். வெட்கப்பட ஒன்றுமில்லை, அதை யாருக்கும் காட்டப் போவதில்லை. அந்தத் தாள் உங்களுக்குத் தருவது பிழைகளின் பட்டியலை. அதற்கென்று கடின மட்டை போட்ட ஒரு கொப்பி வாங்கி, பிழை விட்ட ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடயங்களை எழுதுங்கள்: வினா எதைக் கேட்டது, நான் எதைத் தெரிவுசெய்தேன், அந்த நேரத்தில் ஏன் அது சரியென்று தோன்றியது, சரியான விடையை மற்றையவற்றிலிருந்து பிரிக்கும் ஒரே சொல் எது. மூன்றாவதுதான் முக்கியமானது. பெரும்பாலானோர் சரியான விடையை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்து விடுகிறார்கள், அடுத்த மாதம் அதே குழியில் மறுபடியும் விழுகிறார்கள்.

என் கொப்பியின் முதற் பக்கத்தில் இருந்த பதிவொன்றைச் சொல்கிறேன். எதிர்மறை மீளவலியுறுத்தலைத் தண்டனை என்று நினைத்துப் பிழை விட்டிருந்தேன். மூன்றாவது நிரலில், ‘எதிர்மறை என்ற சொல்லைக் கெட்டது என்று வாசித்தேன்’ என எழுதினேன். நான்காவது நிரலை நிரப்பும்போது கதிரைக்குக் கீழே நுளம்புத்திரி எரிந்துகொண்டிருந்தது. நுளம்பு கடிக்கிறது, திரியைக் கொளுத்துகிறேன், கடி நிற்கிறது, ஆகவே நாளைக்கும் கொளுத்துகிறேன். விரும்பாத ஒன்று நீங்கியதால் நடத்தை கூடுகிறது. எதிர்மறை என்றால் நீங்குதல், அவ்வளவுதான். தண்டனையில் நடத்தை குறையும். அந்த மாலைக்குப் பிறகு அந்த வகை வினாவில் நான் தடுமாறியதில்லை.

இதிலிருந்து எனக்குப் பிடிபட்ட முறைதான் மற்றவர்களுக்கும் நான் முதலில் பரிந்துரைப்பது. பாடத்தை ஆங்கிலத்தில் வாசியுங்கள், ஏனென்றால் நீங்கள் எழுதப்போவது ஆங்கிலத்தில். ஆனால் விளங்கியதா என்பதைத் தமிழில், வாய்விட்டு, உளவியல் தெரியாத ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலச் சொல்லைத் திருப்பிச் சொல்வதால் ஒரு கருத்து விளங்கிவிட்டதாகத் தோன்றும். தாய்மொழியில் அந்த மறைவிடம் கிடையாது. பயறு புடைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கும், பின்னேரங்களில் வந்து போகும் மாமாவுக்கும் நான் ஒவ்வொரு நாளும் ஒரு கருத்தைச் சொன்னேன். மாமா இரணைமடுக் குளத்தில் மீன்பிடித்துப் பழகியவர். ஒரு செயலுக்குப் பலன் எந்த ஒழுங்கில் கிடைக்கிறது என்பதைச் சொல்லும் அட்டவணைகளை அவருக்கு மீனை வைத்தே சொன்னேன். வீச்சுவலையில் எத்தனையாவது வீச்சில் மீன் படும் என்று தெரியாது, அது மாறும் விகிதம். தூண்டிலில் எவ்வளவு நேரம் கழித்து மீன் கடிக்கும் என்று தெரியாது, அது மாறும் இடைவெளி என்று விளக்கிவிட்டு, எதில் ஆள் கூடச் சுறுசுறுப்பாக இருப்பான் என்று கேட்டேன். ‘வலைக்காரன் வீசிக்கொண்டே இருப்பான், தூண்டில்காரன் பீடியும் குடிச்சுக்கொண்டு இருப்பான்’ என்றார் மாமா. மாறும் விகித அட்டவணையில் துலங்கல் வேகம் அதிகம், மாறும் இடைவெளியில் அது மிதமாகவும் சீராகவும் இருக்கும் என்று பாடநூல் சொல்வதும் அதையே.

நோயறிதல் பகுதியில் கால அளவுகளே ஆளைக் கவிழ்ப்பவை. பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தை ஒட்டி நீளமான ஒரு கோடு வரைந்து, அதில் கால எல்லைகளைக் குறித்து, சுவரில் மாட்டினேன். உளநெருக்கீட்டுச் சம்பவத்துக்குப் பின் 3 நாள் முதல் ஒரு மாதம் வரை கடும் நெருக்கீட்டுக் கோளாறு, ஒரு மாதத்தைத் தாண்டினால் நெருக்கீட்டுக்குப் பின்னான கோளாறு. உளப்பிறழ்வு அறிகுறிகள் ஒரு நாள் முதல் ஒரு மாதம் வரை என்றால் குறுகிய உளப்பிறழ்வு, ஒன்று முதல் ஆறு மாதம் வரை என்றால் மனச்சிதைவு போன்ற கோளாறு, ஆறு மாதம் கடந்தால் மனச்சிதைவு. பெரும் மனச்சோர்வுக்கு இரண்டு வாரம், நீடித்த மனச்சோர்வுக்கு வயதுவந்தோரில் இரண்டு வருடம், பிள்ளைகளில் ஒரு வருடம். தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படும்படி அதை மாட்ட வேண்டும். மதிப்பீட்டுப் பகுதியிலும் இதே போல ஒரு ஏணி வரையலாம்: வெக்ஸ்லர் நுண்ணறிவுப் பரீட்சையில் இடை 100, நியம விலகல் 15, ஆகவே 115 என்பது இடைக்கு மேலே ஒரு நியம விலகல், இடை 50, நியம விலகல் 10 என்று வைத்த டி புள்ளியில் 60, அதே வயதினரில் ஏறத்தாழ நூற்றுக்கு 84 பேரைவிட மேலான நிலை. இந்த ஒரு வரியை எந்தத் திசையிலிருந்தும் சொல்லத் தெரிந்தால் பல வினாக்கள் கணக்கில்லாமலே முடிந்துவிடும்.

இனி, வன்னியில் வேலை செய்தவர்கள் விழுகிற குழியைப் பற்றி. எங்களில் பலர் உளவியலைப் புத்தகத்தில் கற்பதற்கு முன்னர் முற்றத்தில் கற்றவர்கள். இறந்தவரின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரோடு பேசாமல் இருக்கத் தெரியும், எந்த வீட்டில் எந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்று தெரியும். பரீட்சை அதைக் கேட்பதில்லை. உளக்கோளாறுகளுக்கான அமெரிக்க நோயறிதல் கையேடு டி.எஸ்.எம். 2022இல் வெளியான அதன் ஐந்தாம் பதிப்பின் திருத்தப்பட்ட வடிவத்தில் நீடித்த துயரக் கோளாறு சேர்க்கப்பட்டது. அதன் முதல் நிபந்தனை நெருங்கிய ஒருவரின் மரணம். வயதுவந்தோரில் அந்த மரணம் நிகழ்ந்து குறைந்தது 12 மாதங்களும், பிள்ளைகளில் 6 மாதங்களும் கடந்திருக்க வேண்டும். பயிற்சிக்காக நானே ஆக்கிய வினா இது: கணவர் இறந்து எட்டு மாதமான பெண் நாள் முழுவதும் அவரையே நினைத்து ஏங்குகிறார், வேலைக்குப் போவதில்லை, நோயறிதல் என்ன? அப்படிப்பட்ட பெண்களைக் கண்ட நாங்கள் உடனே துயரக் கோளாறு என்று குறிப்போம். எட்டு மாதம் என்ற சொல்லே அதை வெட்டிவிடுகிறது.

இன்னும் ஒருபடி கடினமானது காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் பற்றியது. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் அவர்கள் தொடங்கிய தொடர் போராட்டத்தைக் கண்ட எவருக்கும், மரணம் உறுதியாகாத துயரம் எவ்வளவு நீளும் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆயினும் மரணம் நிகழ்ந்ததென்ற நிபந்தனை நிறைவேறாத இடத்தில் அந்தப் பெயரை ஒட்ட முடியாது. அமெரிக்கக் குடும்ப ஆய்வாளர் பௌலின் பொஸ் ‘தெளிவற்ற இழப்பு’ என்று அழைத்தது இத்தகைய துயரத்தையே. ஆனால் அது ஒரு விளக்கம், டி.எஸ்.எம். நோயறிதல் அன்று. இந்த வேறுபாட்டைக் கற்றுக்கொள்வது உங்கள் அனுபவத்தைத் துறப்பதாகாது. பரீட்சை மேசையில் நூல் சொல்வதை எழுதுங்கள், நூலில் இடமில்லாததை உங்கள் சொந்தக் குறிப்பில் வைத்திருங்கள். நான் கொப்பியின் பின்பக்கத்தை அதற்கென்றே ஒதுக்கியிருந்தேன், இன்று அந்தப் பின்பக்கம்தான் எனக்கு வேலையில் உதவுகிறது.

ஒழுக்கப் பகுதியிலும் இதே கதை, ஆனால் எதிர்த் திசையில். ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறை. உளவளத்துணையாளரின் பிள்ளைக்குப் படிப்பிக்கும் ஆசிரியை அவரிடமே உதவிக்கு வருவார். வந்தவர் போகும்போது ஆறு முட்டையைப் பையில் வைத்துவிட்டுப் போவார். வெளிநாட்டில் படிக்கப் போனதும் எங்களுக்கு ஒரு குற்றவுணர்வு வந்து, இரட்டை உறவு (உதவி பெற வருபவரோடு வேறொரு உறவும் இருப்பது, பல்முனை உறவு என்றும் சொல்வார்கள்) என்ற சொல்லைக் கண்டாலே ‘மறுத்துவிட வேண்டும்’ என்ற விடையைத் தெரிவுசெய்கிறோம். அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஒழுக்கக்கோவை அப்படிச் சொல்லவில்லை. உளவியலாளரின் நடுநிலையையோ திறனையோ பாதிக்கும் என்றும், வந்தவரைச் சுரண்டும் அல்லது அவருக்குத் தீங்காகும் என்றும் நியாயமாக எதிர்பார்க்க இடமில்லாத பல்முனை உறவு ஒழுக்கமீறல் அன்று என்று அது தெளிவாகச் சொல்கிறது. பணத்துக்குப் பதிலாகப் பொருள் பெறுவதும், சிகிச்சைக்குப் பாதகமில்லை, சுரண்டலும் இல்லை என்றால் அனுமதிக்கப்படுகிறது. ஆகவே சிற்றூர், வேறு உளவியலாளர் வெகு தூரத்தில் என்று வினாவில் எழுதியிருந்தால், அது சும்மா எழுதப்பட்டதன்று. கனேடிய உளவியல் சங்கத்தின் கோவையையும் படியுங்கள்: 2017இல் வந்த நான்காம் பதிப்பில் நான்கு கோட்பாடுகள் வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன, ஒன்றோடொன்று மோதும்போது மனிதர்களினதும் மக்கள் குழுமங்களினதும் கண்ணியத்துக்கான மதிப்பே பொதுவாக முன்னிற்கும். ‘முதலில் என்ன செய்வார்’ என்ற வினாவில் நான்கு விடைகளும் நல்ல காரியங்களாக இருக்கக்கூடும். முதலில் என்ற சொல்லுக்குக் கீழே மனத்தால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

புத்தகங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. முதல் தடவை நான் பாவித்தது இன்னொருவரிடம் குறைந்த விலைக்கு வாங்கிய பழைய தொகுதி, 2022க்கு முந்தியது. அதை வெளியிட்ட பயிற்சி நிறுவனத்திடம் திருத்தப் பக்கங்கள் கேட்டு எழுதினேன், புதிய தொகுதியின் விலைப்பட்டியல்தான் பதிலாக வந்தது. நோயறிதலையும் ஒழுக்கக்கோவையையும் தவிர மற்றப் பிரிவுகளுக்குப் பழைய நூல் பெரும்பாலும் போதும். அந்த இரண்டுக்கும் மட்டும் புதியதை வாங்குங்கள். மூளையின் பகுதிகளுக்குப் புத்தகமே வேண்டாம், படத்தை நாளுக்கு ஒரு தடவை பார்க்காமல் கீறிப் பழகினால் வந்துவிடும்.

நேர அட்டவணை போடும்போது, நீங்கள் படிக்கும் பாடத்தையே கேளுங்கள். 1885இல் ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் மறதியைப் பற்றி எழுதியதும், 2006இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் திரும்ப வாசிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது நீண்டகாலம் நிலைக்கிறது என்று காட்டியதும் இந்தப் பரீட்சையின் பாடப்பரப்புக்குள்ளேயே வருகின்றன. ஒரு பிரிவைப் படித்த மறுநாளும், நாலாம் நாளும், இரண்டு கிழமை கழித்தும் புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பாருங்கள். ஒத்த கோட்பாடுகளை ஒரே நாளில் படிக்க வேண்டாம், ஒன்று மற்றொன்றைக் குழப்பும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை பத்து மணிக்குப் பிறகு விறாந்தையில் இருக்க முடியாது. நான் நாலரைக்கு எழும்பி எட்டு மணிக்குள் கடினமான பகுதியை முடித்தேன். மழைக்காலத்தில் மின்சாரம் போகும் என்று வைத்துக்கொண்டு, மாதிரி வினாக்களைக் கிளிநொச்சி நகரில் அச்செடுத்து வைத்திருந்தேன். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நாட்களில் வீட்டில் எவரும் உங்களைப் படிக்க விடமாட்டார்கள். அந்தக் கிழமையை அட்டவணையில் வெறுமையாகவே விட்டுவிடுங்கள், பிறகு மனம் நோகாது.

மே மாதத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். உளநெருக்கீடு, துயரம், தற்கொலைத் தடுப்பு ஆகிய அத்தியாயங்களை நான் தெரியாத்தனமாக மே 18ஐ ஒட்டிய நாட்களில் வைத்திருந்தேன். முள்ளிவாய்க்காலில் விளக்கேற்றிவிட்டு வந்த இரவில், மீளநினைவு அறிகுறிகளின் பட்டியலை மனப்பாடம் செய்ய முயன்று, ஒரு வரிகூட ஏறாமல் புத்தகத்தை மூடினேன். அது சோம்பல் அன்று. 2009ஐ உடலால் கடந்தவர்கள் இந்த அத்தியாயங்களைப் பகல் நேரத்தில், சிறு சிறு பகுதிகளாக, வீட்டில் ஆள் இருக்கும்போது படியுங்கள். அந்தக் கிழமையில் புள்ளிவிபரவியலை வைத்துக்கொள்ளுங்கள். உறக்கம் கெட்டால், நீங்கள் மற்றவர்களுக்குச் சொல்வதை உங்களுக்கும் செய்து, ஒருவரிடம் போய்ப் பேசுங்கள்.

கடைசி இரண்டு மாதங்களில் குறைந்தது மூன்று முழு மாதிரிப் பரீட்சைகளை ஒரே இருப்பில் எழுத வேண்டும். 255 நிமிடத்தில் 225 வினா என்றால் ஒரு வினாவுக்கு 68 செக்கன். ஒவ்வொரு வினாவிலும் மணிக்கூட்டைப் பார்ப்பது மனத்தைக் கெடுக்கும்; 75ஆம் வினா முடியும்போது 85 நிமிடம், 150ஆம் வினாவில் 170 நிமிடம் என்ற இரண்டு அடையாளங்கள் போதும். வீட்டில் இதைச் சொல்லிவைப்பதுதான் கடினம். முதல் மாதிரிப் பரீட்சையின் நடுவில் பக்கத்து வீட்டு அன்ரி கறிவேப்பிலை கேட்டு வந்து, அம்மாவின் காலைப் பற்றிக் கதைத்து, என்னையும் கதைக்க வைத்து, நாற்பது நிமிடத்தைக் கொண்டுபோனார். இரண்டாவதற்கு மாமாவைப் படலையில் இருத்தினேன்.

கனடாவுக்குத் திரும்பிச் சென்று எழுதுபவர்கள் பரீட்சைக்குப் பத்து நாட்களுக்கு முன்னராவது போய்ச் சேருங்கள். ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி வித்தியாசம். அந்தக் களைப்போடு நாலு மணித்தியாலம் வினா வாசிக்க இயலாது. கடைசி மூன்று நாட்களில் புதிதாக ஒன்றும் தொடாமல் பிழைக் கொப்பியை மட்டும் புரட்டுங்கள். மண்டபத்தில் முன்பின் கேள்விப்படாத வினாவொன்று வந்தால், அது புள்ளியில்லாத ஐம்பதில் ஒன்றாக இருக்கலாம் என்று எண்ணி, ஏதாவதொரு விடையைக் குறித்து, அடையாளமிட்டுவிட்டு நகருங்கள். எந்த வினாவையும் வெறுமையாக விட வேண்டாம். திரும்பி வந்து பார்க்கும்போது முதல் விடையை மாற்றக்கூடாது என்று ரியூசனில் சொல்லித் தந்ததை மறந்துவிடலாம், ஏனெனில் மாற்றப்பட்ட விடைகளில் பிழையிலிருந்து சரிக்குப் போனவையே அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. முதலில் கண்ணில் படாத ஒரு சொல், ஓர் ‘அல்லாத’ அல்லது ஓர் ‘எட்டு மாதம்’, இப்போது தெரிந்தால் மாற்றுங்கள். வெறும் பயம் மட்டுமே காரணம் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.